நமக்கு நாமே வைத்தியரா?

'என் மனசு எனக்குத் தெரியாதா, அடுத்தவன்கிட்ட எதுக்குப் போகணும்?' என்று கேட்பவர்களுக்கு நான் ஃப்ராய்டையே சாட்சிக்கு அழைப்பேன். 1896 அக்டோபரில் அவருடைய தந்தை இறந்தார். மறுவருடம் வியன்னாவில் ஃப்ராய்ட் தன்னையே நோயாளியாக்கிக்கொண்டார். கனவுகள், சிறுவயது ஞாபகங்கள் என எல்லாவற்றையும் கிளறினார். 1897 நவம்பரில் அவரே கைவிரித்தார்: அசலான சுயபகுப்பாய்வு நடக்காத காரியம், நடக்குமென்றால் மனநோயே இருந்திருக்காது என்பது அவர் எழுதியதன் சாரம்.

ஏன் நடக்காது? தேடுகிறவனும் ஒளிக்கிறவனும் ஒரே ஆள். நனவிலி மறைத்ததைத் துப்புத் துலக்கப் போகும் அறிவே, அதற்குச் சப்பைக்கட்டும் கட்டுகிறது.

அதற்காக அந்த உழைப்பு வீணாகிவிடவில்லை. 1899இல் வெளிவந்த 'கனவுகளின் விளக்க'த்தில் அவருடைய சொந்தக் கனவுகள் ஏராளம். ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 'முடியாது' என்று அவர் எழுதியது நாட்குறிப்பில் அல்ல, பெர்லினிலிருந்த நண்பர் ஃப்ளீஸுக்குப் போட்ட கடிதத்தில். தனியாகச் செய்ததாகச் சொல்லப்படும் பகுப்பாய்வுக்கும் ஒரு மற்றமை, கேட்க ஒரு காது, தேவைப்பட்டிருக்கிறது.

நோட்டில் எழுதிப் பாருங்கள், நிச்சயம் உதவும். ஆனால் 'உன்னை நீயே சரிபண்ணிக்கோ' என்பது உபதேசமாகும்போது அதில் அதிகாரம் புகுந்துவிடுகிறது. கேட்க வேண்டியவர்கள் கழன்றுகொள்கிறார்கள். குணமாகாதவர் தலையில், 'நீ ஒழுங்கா முயற்சி பண்ணல' என்ற பழியும் சேர்ந்து விழுகிறது. தாங்க முடியாத வலியோடு இருப்பவருக்கு இது இரண்டாவது நோய். அவருக்கு முதலில் வேண்டியது, எதிரே உட்கார்ந்து கேட்கிற இன்னொரு ஆள்.