உங்களுக்குத் தெரியுமா? கீமோவும் ‘கவுண்ட் ஊசி’யும்

★ கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் பெரும்பாலும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை (கவுண்ட்) அடிமட்டத்துக்கு இறங்கும். அவற்றில் கிருமியோடு முதலில் மோதும் நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போனால் ஆபத்து. அதைத் தடுக்கவே ‘கவுண்ட் ஊசி’ எனப்படும் ஃபில்கிராஸ்டிம். அமெரிக்காவில் 1991-ல் அனுமதி பெற்றது. சில நாட்கள் தினமும் போட வேண்டிய இதற்கு மாற்றாக, ஒரு சுற்றுக்கு ஒன்றே போதும் என்று பெக்ஃபில்கிராஸ்டிம் 2002-ல் வந்தது.

★ ஊசி போட்ட ஓரிரு நாளில் இடுப்பு, முதுகு, தொடை, நெஞ்செலும்பு எல்லாம் குடைகிறதா? ‘நோய் எலும்புக்குப் பரவிவிட்டதோ’ என்று இரவெல்லாம் தவித்தவர்கள் பலர். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை, ஊசியின் தூண்டுதலால் அவசர அவசரமாக அணுக்களை உற்பத்தி செய்கிறது. வலி சில நாட்களில் அடங்கும். ஊசி போடுவதற்கு முன்பே இதை நோயாளியிடம் சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும். சொல்லாமல் விடுவது பெரிய குறை.

★ இந்த வலிக்கு மருந்து உண்டு. 510 பேரிடம் நடந்து 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 71 சதவீதம் பேருக்கு எலும்பு வலி வந்தது; நாப்ராக்சன் எடுத்தவர்களில் 61 சதவீதம். கடும் வலியும் 27-லிருந்து 19 சதவீதமாகக் குறைந்தது. அலர்ஜிக்குத் தரும் லோராடடினையும் சில மருத்துவர்கள் எழுதுகிறார்கள்.

★ ஆனால் நாப்ராக்சன், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவற்றை மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். தட்டணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் ரத்தக்கசிவு வரலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

★ ஊசியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் கூடாது. குலுக்கக் கூடாது. அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்தால் போடும்போது எரிச்சல் குறையும்.

★ கீமோ முடிந்து 24 மணி நேரமாவது கழித்தே இதைப் போடுவார்கள். புதிதாகப் பெருகும் அணுக்களையும் கீமோ அழித்துவிடும் என்பதால்.

★ ஊசிக்குப் பிறகு ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாக ஏறியிருக்கலாம். பெட் ஸ்கேனில் மஜ்ஜை பளிச்சென்று தெரியலாம். ஊசி போட்ட தேதியைப் பரிசோதனை செய்யும் இடத்தில் சொல்லிவிடுங்கள்.

★ இடது விலா எலும்புக்குக் கீழேயோ இடது தோள் நுனியிலோ திடீர் வலி, மூச்சுத்திணறல்: இவை அபூர்வம். வந்தால் மண்ணீரலோ நுரையீரலோ பாதிக்கப்பட்டிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

★ உடம்பு வலிக்கு பாராசிட்டமால் போடும் முன் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். அந்த மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். கவுண்ட் இறங்கிய நாட்களில் காய்ச்சல் ஒன்றே தொற்றின் அடையாளமாக இருக்கக்கூடும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் உங்கள் மருத்துவமனைக்கு போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.