அந்த இரண்டு வருஷத்தை யார் தாங்குவது?

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில், செவ்வாய்க்கிழமைகளில் மதகடிப்பட்டுச் சந்தை கூடுகிறது. மாடுகளுக்குப் பேர்போன சந்தை. "இத்தனை மாடு இருக்கிறதே, சாணத்துக்கா பஞ்சம்? இந்தப் பக்கத்து விவசாயிகள் யூரியாவை விட்டுத் தொழுவுரத்துக்கு வந்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது சுலபம்!

ரசாயன உரத்துக்குப் பழகிய நிலத்தில் அதை நிறுத்தினால், முதல் சில போகங்களில் பெரும்பாலும் மகசூல் குறையும். நெல் போன்ற பயிர்களுக்கு 'இயற்கை விளைபொருள்' என்ற முழுச் சான்றிதழ் கிடைக்கவோ சுமார் 2 வருஷம் ஆகும். அதுவரை விளைச்சல் குறைவு; விலையோ பழைய விலைதான். இந்த நஷ்டம் யார் தலையில் விழுவது?

இலங்கை சர்க்கார் 2021-ல் ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியைத் தடுத்தது. நஷ்டம் முழுவதும் குடியானவன் தலையில் விழுந்தது. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலைத் தோட்டங்கள் தவித்தன. அந்த வருஷம் முடிவதற்குள் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

டென்மார்க் வேறு வழியில் போயிற்று. 1987-லேயே சட்டம் செய்து, மாறுகிற விவசாயிக்கு உதவித் தொகை கொடுத்தது. பிறகு அரசாங்கமே ஒரு சிவப்பு முத்திரையை வெளியிட்டது. ஜனங்கள் அதை நம்பி வாங்கினார்கள். தலைநகர் கோபன்ஹேகன் இன்னும் ஒரு படி மேலே போய், நகராட்சிச் சமையலறைகளில் 90 சதவிகிதம் இயற்கை விளைபொருளே வேகவேண்டும் என்று இலக்கு வைத்தது. வாங்க ஆள் இருந்தால் விளைவிக்க ஆள் வரமாட்டானா?

நம் சிக்கிம் 2003-ல் தொடங்கி, உர மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, 2016-ல்தான் முழு இயற்கை மாநிலமாயிற்று. அங்கே முன்பும் உரம் அதிகம் போட்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மத்திய சர்க்காரின் 'பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா' 2015-ல் வந்தது. குழுவாகச் சேரும் விவசாயிகள் ஒருவர் நிலத்தை ஒருவர் பரிசோதித்துச் சான்று தருகிறார்கள்; மாறுகிற காலத்து விளைச்சலுக்கும் தனி முத்திரை உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் இடுபொருளுக்காக விவசாயி கைக்கு நேரே வருவது 3 வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 15,000 ரூபாய். ஏக்கர்க் கணக்கில் வருஷத்துக்குச் சுமார் 2,000! இதில் எந்த நஷ்டத்தை அடைப்பது?

பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1930-லேயே, பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்ட ஊர் புதுச்சேரி. அந்தச் சமையலறைகள் மாறுகிற காலத்து நெல்லைக் கூடுதல் விலைக்கு வாங்கினால், மதகடிப்பட்டு விவசாயி அந்த இரண்டு வருஷத்தைக் கடந்துவிடுவார்.