வட்டம் விழுந்தால் மருந்தாகுமா?

கேரித் தீவுத் தோட்டங்களில் யாருக்காவது நீர்க்கடுப்பு வந்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் இளநீர் என்பார், இன்னொருவர் சீரகத் தண்ணீர் என்பார். மலாய்க்காரர்கள் பூனைமீசை இலைத் தேநீரைச் சொல்வார்கள். இங்கே வளர்ந்து நுண்ணுயிரியல் படிக்கும் என்னிடம் உறவினர்கள், "ஏம்மா, இந்த மூலிகையெல்லாம் கிருமியைக் கொல்லுமா?" என்று அடிக்கடி கேட்பதுண்டு.

சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்குப் பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவே காரணம். குடலில் சாதாரணமாக வாழும் இக்கிருமி சிறுநீர்ப் பாதைக்குள் புகுந்தால்தான் தொல்லை. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் குட்டையானது. அதனால் அவர்களுக்கே தொற்று அதிகம் வருகிறது.

மூலிகையைச் சோதிப்பது எப்படி? இலையைக் காயவைத்துப் பொடித்து, தண்ணீரிலோ எத்தனாலிலோ ஊறவைத்து வடிகட்டுவோம். அகார் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, சாறு ஏற்றிய 6 மில்லிமீட்டர் காகித வில்லைகளை வைத்து, சுமார் 37 பாகை செல்சியஸில் ஓர் இரவு விடுவோம். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வட்டம் இருந்தால் அதன் விட்டத்தை அளப்போம். பக்கத்தில் ஆன்டிபயாட்டிக் வில்லை ஒன்றும், எத்தனால் மட்டும் ஏற்றிய வில்லை ஒன்றும் கட்டாயம் இருக்கவேண்டும். இல்லையென்றால் கிருமியைத் தடுத்தது இலையா, எத்தனாலா என்பது தெரியாது.

இந்தியாவில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், பல மருந்துகளுக்கு அடங்காத 66 சிறுநீர்த் தொற்றுக் கிருமிகளிடம் 17 மூலிகைகளைச் சோதித்தார்கள். இஞ்சி, மாதுளை ஆகியவற்றின் எத்தனால் சாறுகள் ஈ.கோலையை நன்கு தடுத்தன. கடுக்காயும் துளசியும் கிளெப்சியெல்லாவைத் தடுத்தன. நம் பாட்டிமார் அறிந்த மூலிகைகள்தாம் இவை.

அதற்காக இஞ்சிக் கஷாயம் குடித்தால் போதும் என்று முடிவுகட்டலாமா? கூடாது. தட்டில் வேலை செய்தது எத்தனால் சாறு. வீட்டுக் கஷாயமோ தண்ணீரில் காய்ச்சுவது. இரண்டிலும் இறங்கும் பொருள்கள் வேறு. குடித்த மூலிகை குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் மாறி, சிறுநீரகம் வழியாகப் போதிய அளவில் சிறுநீருக்கு வந்துசேரவேண்டும். அந்த அளவு உடலுக்குக் கேடில்லை என்பதையும் மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுதான் காட்டமுடியும்.

வட்டம் விழாத மூலிகை வீண் என்றும் சொல்லிவிட முடியாது. கிரான்பெரிப் பழத்திலுள்ள பொருள்கள், ஈ.கோலை சிறுநீர்ப்பைச் சுவரில் ஒட்டுவதைத் தடுக்கின்றன. அதனால் தொற்று அடிக்கடி வரும் பெண்களுக்கு அது மீண்டும் வருவது குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் வந்துவிட்ட தொற்றை அது குணப்படுத்தாது. பூனைமீசை சிறுநீரைப் பெருக்கப் பயன்படும் மூலிகை.

எனவே வீட்டில் கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: தண்ணீர் நிறையக் குடியுங்கள், சிறுநீரை அடக்காதீர்கள். எரிச்சல் நீடித்தால் கிளினிக்குக்குப் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல், நடுக்கம், விலாவலி, சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். கர்ப்பிணிகளும் நீரிழிவு உள்ளவர்களும் எரிச்சல் தொடங்கியதுமே மருத்துவரைப் பார்க்கவேண்டும். மருத்துவர் தரும் ஆன்டிபயாட்டிக்கைச் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மிச்சம் வைத்து அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.

அறிவியல் விழாவுக்கு இச்சோதனையைச் செய்ய விரும்பும் மாணவர்கள் நோயாளியின் கிருமியைப் பள்ளியில் வளர்க்கக்கூடாது. ஆசிரியர் வழியாகப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றை அணுகுங்கள். ஒவ்வொரு சோதனையையும் மூன்று முறையாவது செய்து, வட்டம் விழாத தட்டையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.