நட்டும் மரையும்
நீரிறைக்கும் இயந்திரம் வைத்திருப்போர் அறிய வேண்டுவன

மன்னார்த் தீவின் மேற்கு முனையிலே அமைந்தது தலைமன்னார். அங்குள்ள நிலம் பெரும்பாலும் மணற்பாங்கானது. மணல் நீரை நெடுநேரம் தாங்கி வைத்திருப்பதில்லை. எனவே வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின் கத்தரி, மிளகாய், வெண்டி முதலிய மரக்கறிப் பயிர்களுக்கு ஆழங்குறைந்த கிணறுகளிலிருந்து அடிக்கடி நீர் இறைத்தல் வேண்டும். தீவுக்கு அப்பால், பெருநிலத்திலே கட்டுக்கரைக்குளத்தின் கீழ் நெல் செய்வோர்க்கும், வாய்க்கால் நீர் எட்டாத மேட்டு வயலுக்கு நீரை ஏற்றியிறைக்க நேர்வதுண்டு. இவ்வேலைக்குச் சிறிய நீரிறைக்கும் இயந்திரமே கமக்காரருக்குக் கைகொடுக்கிறது.

அத்தகைய இயந்திரம் ஒன்றின் நட்டு, ஓட்டத்தின் அதிர்வினால் கழன்று மணலில் விழுந்து தொலைந்துவிட்டது எனக் கொள்க. கமக்காரர் கடைக்குச் சென்று, அதே பருமனுள்ள நட்டு ஒன்றை வாங்கி வருகிறார். அது போல்ட்டிலே இரண்டு சுற்று ஏறி நின்றுவிடுகிறது. துரு பிடித்திருக்கலாம் என்றெண்ணிப் பலங்கொண்டு முறுக்குகிறார். நட்டு ஏறுகிறது, ஆனால் போல்ட்டின் மரை நசிந்து போகிறது. சில ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய குறை, இப்பொழுது போல்ட்டையும் பற்றிக்கொண்டது. அந்தப் போல்ட்டு இயந்திரத்தின் உடலிலே பதிக்கப்பட்டதாயின், இயந்திரத்தையே பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தலைமன்னாரிலிருந்து மன்னார் நகர் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. பூத்து நிற்கும் மிளகாய்ச் செடி அதுவரை காத்திருக்கமாட்டாது.

இவ்விழப்புக்குக் காரணம் நட்டின் குறையுமன்று, கடைக்காரரின் பிழையுமன்று. பருமனை மட்டும் பார்த்து, மரையின் இடைவெளியைப் பாராது விட்டதே காரணம்.

ஒரே பருமன், வேறு மரை

போல்ட்டைச் சுற்றி ஏறிச் செல்லும் வரம்புக்கு மரை என்று பெயர். ஒரு வரம்பின் உச்சியிலிருந்து அடுத்த வரம்பின் உச்சி வரையுள்ள தூரமே மரை இடைவெளி. 10 மில்லிமீற்றர் பருமனுள்ள போல்ட்டுக்குக் கடைகளிலே பொதுவாகக் கிடைக்கும் நட்டின் மரை இடைவெளி 1.5 மில்லிமீற்றர். யப்பானிய வாகனங்களிலும் இயந்திரங்களிலும் அதே 10 மில்லிமீற்றர் போல்ட்டு 1.25 மில்லிமீற்றர் இடைவெளியுடன் வருவது வழக்கம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கால் மில்லிமீற்றரே, கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் ஒவ்வொரு சுற்றிலும் கால் மில்லிமீற்றர் தவறுமாயின் நான்கு சுற்றில் ஒரு மில்லிமீற்றர் தவறும். ஆகவேதான் நட்டு முதலில் இணங்குவதுபோலக் காட்டிப் பின்னர் இறுகி நிற்கிறது.

1.25 இடைவெளி பிழையான மரை அன்று. நுண்மரை வரிசையிலே அதற்கும் உரிய இடமுண்டு. அதிர்வினால் எளிதிற் கழலாமை நுண்மரையின் சிறப்பாகும். சிறு கடைகளில் அது பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதே தொல்லை.

வேறுபாடு வந்த வரலாறு

மரைக்கு ஓர் ஒழுங்கு வகுத்தவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த யோசப் விற்வேர்த். அவர் 1841இல் வகுத்த அங்குல மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்கர் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகைக் கோணத்தை முன்வைத்தார். 1898இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலே கூடிய மாநாடு மில்லிமீற்றர் மரைக்கு ஓர் ஒழுங்கு கண்டது. இரண்டாம் உலகப் போரிலே ஒரே அணியில் நின்ற நாடுகளின் இயந்திரங்களுக்கு ஒன்றின் நட்டு மற்றொன்றுக்குப் பொருந்தாமற் போயிற்று. அவ்வனுபவத்தின் பயனாக 1948இல் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் ஒரே அங்குல மரைக்கு உடன்பட்டன. பின்னர் சர்வதேச மில்லிமீற்றர் மரை உலகெங்கும் பரவியது.

இலங்கை வயல்களில் 1950களிலும் 1960களிலும் இறங்கிய இங்கிலாந்து உழவு இயந்திரங்கள் அங்குல மரை கொண்டவை. பின்னர் வந்த யப்பானிய இருசில்லு உழவு இயந்திரங்களும் நீரிறைக்கும் இயந்திரங்களும் மில்லிமீற்றர் மரை கொண்டவை. ஆகவே ஒரே கொட்டிலிலுள்ள பழைய நட்டு டப்பாவில் இரண்டும் கலந்திருத்தல் இயல்பே. 5/16 அங்குல நட்டின் பருமன் 7.94 மில்லிமீற்றர், அது 8 மில்லிமீற்றர் போல்ட்டிலே சிறிது ஏறும். ஆனால் விற்வேர்த் மரையின் இடைவெளி 1.41, மில்லிமீற்றர் மரையின் இடைவெளி 1.25. இவ்விரண்டும் ஒருபோதும் இணங்கா.

மரையை அளக்கும் முறை

1. போல்ட்டை மண்ணெண்ணெயிற் கழுவித் துடைத்துக்கொள்க. துருவும் மணலும் இருக்குமாயின் அளவு பிழைபடும்.

2. மரையின் மேற்பருமனை வேர்ணியர் இடுக்கியால் அளக்க. 9.8 அல்லது 9.9 எனக் காட்டினால் அது 10 மில்லிமீற்றர் போல்ட்டு ஆகும்.

3. மில்லிமீற்றர் அடிமட்டத்தை மரைமீது நீளவாட்டில் வைத்து, பதினொரு வரம்புகளை எண்ணுக. முதல் வரம்பின் உச்சியிலிருந்து பதினொராவது வரம்பின் உச்சி வரை பத்து இடைவெளிகள் உண்டு. அத்தூரத்தைப் பத்தால் வகுக்க. 12.5 மில்லிமீற்றர் ஆயின் இடைவெளி 1.25, 15 மில்லிமீற்றர் ஆயின் 1.5.

4. வரம்புகளைக் கண்ணால் எண்ண இயலாதாயின், மரைக்குச் சிறிது கரி பூசி, வெள்ளைத் தாள்மீது அழுத்தி உருட்டுக. பதியும் கோடுகளை எளிதில் எண்ணலாம்.

5. இடைவெளி தெரிந்த வேறொரு போல்ட்டை அருகே வைத்து, மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க. இடையே ஒளி ஊடுருவாது பல்லோடு பல் பொருந்துமாயின் இரண்டும் ஒரே இடைவெளியின.

6. போல்ட்டை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்குமிடத்து வரம்பு வலப்பக்கமாக ஏறினால் அது சாதாரண மரை. இடப்பக்கமாக ஏறினால் இடமரை. இடமரை நட்டைக் கழற்றுவதற்கு வலஞ்சுழியாகத் திருக வேண்டும்.

சாவியில் எழுதப்பட்ட எண்ணைப் போல்ட்டின் பருமனாகக் கொள்ளலாகாது. யப்பானிய இயந்திரங்களில் 10 மில்லிமீற்றர் போல்ட்டின் தலைக்குப் பல இடங்களில் 14ஆம் இலக்கச் சாவியே பொருந்தும். “14 நட்டு” என்று கேட்பவருக்கு வேறொரு நட்டே கிடைக்கும். “10 மில்லிமீற்றர், மரை 1.25” என்று கேட்பதே முறை. இயலுமாயின் போல்ட்டையே உடன் கொண்டுசென்று, கையால் முழுவதும் ஏற்றிப் பார்த்து வாங்குதல் நன்று. இயந்திரத்தின் நீர்க்குழாய் வாய் பெரும்பாலும் அங்குலக் குழாய் மரை கொண்டது. அதனைக் கொண்டு ஏனைய நட்டுகளை முடிவு செய்யலாகாது.

பட்டறையிற் செய்விக்குமிடத்து

எங்கும் கிடையாத நட்டைப் பட்டறையிற் செய்விக்கலாம். அறுகோண உருக்குக் கம்பியில் ஒரு துண்டை வெட்டித் துளையிட்டு, டாப்பு என்னும் மரை வெட்டும் கருவியைச் செலுத்துவதே எளிய வழி. துளையின் அளவு, பருமனிலிருந்து மரை இடைவெளியைக் கழித்து வருவதாகும். 10 மில்லிமீற்றர், 1.25 மரைக்கு 8.75 மில்லிமீற்றர்த் துளை வேண்டும். துளை பெரிதானால் மரை ஆழங்குறைந்து பிடிப்பு இழக்கும். சிறிதானால் டாப்பு உடையும்.

பெரிய நட்டாயின் கடைசல் இயந்திரத்தில் மரை வெட்டுவர். பழைய இங்கிலாந்துக் கடைசல் இயந்திரத்தில் உளியை நகர்த்தும் நீண்ட திருகு அங்குல அளவினது. அதிலே மில்லிமீற்றர் மரையைச் சரிநுட்பமாக வெட்டுவதற்கு 127 பல்லுடைய பற்சில்லு தேவை. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர், அதன் ஐந்து மடங்கு 127 ஆதலே இதன் காரணம். அச்சில்லு உண்டோ என முன்னரே கேட்டறிதல் வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

பட்டறையிற் செய்த மெல்லுருக்கு நட்டு, உயர்தர ஆலை நட்டின் வலிமையைப் பெறாது. தாங்கு சட்டம், காப்புத் தகடு, எண்ணெய்த் தொட்டி முதலியவற்றைப் பிணிக்க அது போதும். இயந்திரத்தின் உட்பகுதியிலுள்ள இணைப்புத் தண்டு, பறசில்லு, உழவு இயந்திரத்தின் சில்லு ஆகியவற்றுக்கு உரிய நட்டையே தருவித்தல் வேண்டும். அங்கே நட்டு முறியுமாயின் பொருட்சேதத்தோடு உயிர்ச்சேதமும் நேரலாம்.

செய்யத்தகாதன

கையால் ஏறாத நட்டைச் சாவியால் வலிந்து ஏற்றலாகாது. 1.5 மரையுள்ள நட்டிலே 1.25 டாப்பைச் செலுத்தினால் இரண்டு மரையும் வெட்டுண்டு பிடிப்பு அற்றுப்போகும். தளர்ந்த மரையில் நூலோ சாக்கு நாரோ சுற்றி இறுக்குதல் பயனற்றது. நட்டைப் போல்ட்டோடு ஒட்டவைத்துவிட்டால், அடுத்த முறை கழற்றுவதற்குப் போல்ட்டை வெட்டவே நேரும்.

முன்கூட்டிய காப்பு

கடற்காற்றிலுள்ள உப்பு இரும்பை விரைவில் அரிக்கும். நீரிறைப்பு ஓய்ந்த மழைக்காலத்திலே இயந்திரத்தின் வெளிப்புற நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, மெல்லிய கிறீசு பூசி மீண்டும் பூட்டுக. கிறீசு பூசிய நட்டு இலகுவாகத் திரும்புமாதலின் அளவுக்கு மிஞ்சி முறுக்கலாகாது. அவ்வேளையிலேயே ஒவ்வோர் இடத்து நட்டின் பருமனையும் மரை இடைவெளியையும் ஒரு கொப்பியிற் குறித்து வைத்தல் நன்று. எளிதிற் கிடையாத அளவினவற்றில் இரண்டிரண்டு வாங்கி, கிறீசிட்ட தாளிற் சுற்றி, அளவை எழுதி மூடியுள்ள டப்பாவில் வைக்க. அங்குல நட்டுகளுக்கு வேறு டப்பா வேண்டும்.

பயிருக்கு நீர் வேண்டிய நாளிலே நட்டுத் தேடி அலைவதினும், ஓய்ந்த நாளிலே அடிமட்டத்தால் ஒருமுறை அளந்து குறித்தல் எளிது. பருமனோடு மரை இடைவெளியையும் அறிந்த கமக்காரரின் தோட்டம் ஒரு சிறு நட்டின் பொருட்டு வாடவேண்டியதில்லை.