கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்

ராஜகுளம் தொடங்கி உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்கள் வரை, விடியுமுன்பே கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள் நம் பிள்ளைகள். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிறவர்கள். தாம் நிரந்தரமா, டிரெயினியா, கான்ட்ராக்டா என்பதே பலருக்குத் தெளிவாகத் தெரியாது.

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. நீதிமன்றம் வரை போன பிறகு, 2025 ஜனவரி 27 அன்றுதான் அந்தத் தொழிலாளர்களின் சங்கத்துக்குப் பதிவு கிடைத்தது. ஆயிரம் பேர் சேர்ந்து நின்றும், சி.ஐ.டி.யு. தொழிற்சங்கம் பக்கபலமாக இருந்தும் இத்தனை மாதம். ஹெச்.ஆர். அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கு யார் துணை?

"ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போப்பா, செட்டில்மெண்ட் சீக்கிரம் வந்துடும்" என்பார்கள். அந்த ராஜினாமாக் கடிதம்தான் ஆபத்து. எழுதிக் கொடுத்துவிட்டால், தானாக விலகியவர் என்றாகிவிடும். மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தலையில் விழும். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் சார்" என்று எழுந்து வந்துவிடுங்கள். ஆலோசனை கேட்க அதுதான் சரியான நேரம்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், இலவச சட்ட உதவிக்கு உரியவர்களில் தொழிலாளியையும் சேர்த்திருக்கிறது. காஞ்சிபுரத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. உதவி எண் 15100. ஒவ்வொரு கம்பெனி பஸ்ஸிலும் ஒட்டியிருக்க வேண்டிய எண் இது.

தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டமொன்று, 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. அந்த நாள்களைக் காட்ட ஆதாரம் வேண்டும். சம்பளச் சீட்டு, ஷிப்ட் மெசேஜ், இ.எஸ்.ஐ. அட்டை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். எந்த மாதம் யார் பணம் கட்டினார்கள் என்பதை பி.எஃப். பாஸ்புக்கே காட்டும். பணி நியமனக் கடிதம் கேட்டு வாங்குங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி அது கட்டாயம்.

அதே தொகுப்புகள் ஒரு கெடுவையும் சுருக்கிவிட்டன. பணிநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக முன்பு 3 ஆண்டு இருந்தது; இப்போது சமரச அலுவலரிடம் போகவே 2 ஆண்டுதான். எனக்கு இது அநியாயமாகவே படுகிறது; வேலை போனவர் அடுத்த வேலை தேடி அலைவதிலேயே ஓராண்டு ஓடிவிடும். அதனால் தள்ளிப்போடாமல் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். சமரசப் பேச்சின் முதல் தவணைக்கு நிர்வாகத் தரப்பு வராவிட்டாலும், அடுத்த தேதிக்கு நீங்கள் போயாக வேண்டும்.