அந்நியருக்கென ஒரு சூதுமனை

தென் பிரான்சின் கடலோரத்தை ஒட்டிய சின்னஞ்சிறு நாடு மொனாக்கோ. 1861இல் மொந்தோன், ரொக்புரூன் என்னும் இரு ஊர்களை 40 இலட்சம் பிராங்குகளுக்குப் பிரான்சிடம் கையளித்தபோது, தன் நிலப்பரப்பின் பெரும்பகுதியை அது இழந்தது. வறண்ட கருவூலத்தை நிரப்ப இளவரசர் மூன்றாம் சார்ள்ஸ் சூதாட்டத்தை நாடினார்.

1863இல், ஜேர்மனியின் ஹொம்பேர்க் நகரில் சூதாட்ட விடுதி நடத்திவந்த பிரான்சுவா பிளாங் 50 ஆண்டுகால உரிமத்தைப் பெற்றார். அவரது கம்பனி 'கடற்குளியல் மற்றும் அந்நியர் கழகச் சங்கம்' எனப் பெயர் பூண்டது. சூது என்ற சொல் அப்பெயரில் இல்லை. அந்நியர் என்ற சொல் இருந்தது. 1866இல் விடுதி அமைந்த குன்று மொன்ரே கார்லோ ஆயிற்று. 1868இல் புகையிரதம் வந்தது. 1869இல் குடிமக்களின் நேர்வரிகள் நீக்கப்பட்டன. ஆனால் அக்குடிமக்கள் அம்மேசைகளில் விளையாடச் சட்டம் இடமளிக்கவில்லை. அத்தடை இன்றும் உண்டு. கம்பனியின் பெரும்பான்மைப் பங்குகளோ அரசிடமே உள்ளன.

தடையின் நியாயத்தைக் கணக்கே கூறும். அங்குள்ள சுழல்சக்கரத்தில் பூச்சியத்தோடு சேர்த்து 37 எண்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிராங்கு வைப்பவருக்கு மீள்வது 36 மட்டுமே. எஞ்சிய ஒன்று, யார் வென்றாலும், விடுதிக்கே.

புகலிட நகரங்களின் பந்தயக் கடைகளிலும் சம்பள நாளன்று எம்மவர் முகங்களைக் காண்கிறோம். கடன்பட்டு அனுப்பிவைத்த பெற்றோர் ஊரில் காத்திருக்கின்றனர். மொனாக்கோ தன் மக்களுக்கு விதித்த தடையை நாம் எமக்கு நாமே விதித்துக்கொள்ளலாகாதா?