எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுவார்கள். இலங்கையின் ஊவாத் தேயிலை மலைகளில், பசறை, நமுனுகுலை, மடுல்சீமை, ஹாலிஎல, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றில் லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, அருகே 'காமன் பொட்டல்' என்று ஒரு துண்டு நிலம் இருக்கும். தேயிலை நடாமல் விட்ட அந்த மண்தரைதான் தோட்டத்துக்கு அரங்கு. கம்பம் ஊன்றிய நாள் முதல் பௌர்ணமி வரை இரவுதோறும் தப்புச் சத்தம் மலையில் எதிரொலிக்கும். விடியலில் பெரட்டு என்னும் காலை ஆள்கணக்குக்கு ஆள் எழுப்பிய அதே தப்பு, இரவில் ரதியையும் மன்மதனையும் எழுப்பும். கவ்வாத்து வெட்டும் இளந்தாரி ஒருவன் மீசையை மழித்துவிட்டு, அக்காளின் பெட்டியிலிருந்து எடுத்த சேலையில் ரதியாக நிற்பான். கூத்து மாஸ்டர் வரி எடுத்துக் கொடுக்க, பிழைவிட்டவனைப் பார்த்து முழு லயமும் சிரிக்கும்.

அந்த இரவுகளில் ஒரு வழக்கம் உண்டு. லாவணி பாடுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பாய் விரித்து எதிரெதிரே உட்காருவார்கள். சிவனின் நெற்றிக்கண்ணில் காமன் எரிந்தான் என்று பாடுவது எரிந்த கட்சி. எரியவே இல்லை என்று பாடுவது எரியாத கட்சி. ஒருவர் பாட்டில் முடிச்சுப் போட, மற்றவர் பாட்டிலேயே அவிழ்க்க வேண்டும். எதிராளி சொன்னதைக் காதில் வாங்காமல் பதில் பாட முடியாது. விடியும்வரை வழக்குத் தீராது. தீர வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. அடுத்த மாசியில் அதே பொட்டலில் அதே வழக்கு மறுபடி எடுக்கப்படும்.

இளைஞர்களுக்கான பண்பாட்டுப் பரிமாற்றம், கூட்டு நாடகம், படைப்பெழுத்துப் பட்டறை என்றெல்லாம் இன்று பேசப்படும்போது எனக்கு இந்த லாவணிப் பாய்தான் நினைவுக்கு வருகிறது. எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் கதையை மற்றவர் கேட்கும் வித்தை இந்த மலைகளுக்குப் புதிதில்லை. பாயின் மறுபக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள கேள்வி.

பொட்டலும் நெற்களமும்

தோட்டத்து வழக்கில் சிங்களக் கிராமத்துக்கு 'நாடு' என்று பெயர். அங்கிருந்து வருகிறவர்கள் 'நாட்டாளுங்க'. தேயிலை மலை முடிகிற இடத்தில் நாடு தொடங்கும். இடையில் ஓர் ஓடையோ ஒற்றையடிப் பாதையோ இருக்கும். காய்கறிக்கும் வெற்றிலைக்கும் கைமாற்றுக்கும் ஆட்கள் அந்தப் பாதையில் போய்வந்தார்கள். கதைகள் போய்வந்தது மிகக் குறைவு.

மலைநாட்டுச் சிங்களக் கிராமங்களுக்கும் ஒரு கூத்து உண்டு. அதன் பெயர் சொக்கரி. அறுவடை முடிந்த நெற்களத்தில், பத்தினித் தெய்வத்தை வேண்டி ஆடுவார்கள். பத்தினி வேறு யாருமில்லை, நம் கண்ணகிதான். கதையும் வேடிக்கையானது. குருஹாமி என்பவன் மனைவி சொக்கரியோடும் வேலைக்காரனோடும் இந்தியாவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வருகிறான். புதிய ஊரில் குடிசை போடுகிறார்கள், படாதபாடு படுகிறார்கள். ஊர் வைத்தியன் சொக்கரியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறான். களத்தைச் சுற்றி நிற்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

நினைத்துப் பாருங்கள். மேலே பொட்டலில், தொண்டியிலும் தனுஷ்கோடியிலும் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஆடுகிறார்கள். கீழே நெற்களங்களில், கப்பலேறி வந்தவர்களைப் பற்றிய கூத்தைச் சிங்களவர்கள் ஆடுகிறார்கள். இரண்டையும் ஒரே இரவில் ஒரே களத்தில் வைத்துப் பார்க்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

நகரத்து மேடைகளில் அந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்தது. தமிழ்க் கூத்தின் செல்வாக்கில் வளர்ந்த சிங்கள 'நாடகம' வடிவத்தை எடுத்து நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே'யை மேடையேற்றினார். அதைப் பார்த்த உற்சாகம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழறிஞர் சு. வித்தியானந்தனைத் தொற்றியது. மட்டக்களப்புக் கூத்தைச் செப்பனிட்டு அவர் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடைக்குக் கொண்டுவந்தார். தமிழிடம் சிங்களம் வாங்கியது, சிங்களத்தைப் பார்த்துத் தமிழ் தன்னிடம் இருந்ததைத் திரும்பக் கண்டுகொண்டது. இலங்கையில் நடந்த உருப்படியான பரிமாற்றம் இதுதான். ஆனால் அது கொழும்பிலும் பேராதனையிலும் நடந்தது. 1924இலேயே ரயில் வந்து சேர்ந்துவிட்ட பதுளைக்கு அந்தக் காற்று வரவில்லை.

பேனா பிடித்தவர்கள்

கூத்துப் பாட்டுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. மலையகத்தில் பெயர் போட்டு எழுதுவது மெல்லத்தான் வந்தது. 1930களில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் 'இராமசாமி சேர்வையின் சரிதம்' நாடகத்தைத் தொழிலாளருக்காக எழுதினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடிப் பாடியே ஆட்களைச் சேர்த்தார். மேடை அன்று தொழிற்சங்கத்துக்கு வாயாக இருந்தது.

1934இல் பதுளையை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்த ஒரு பிள்ளை, பின்னாளில் தெளிவத்தை ஜோசப் ஆனார். 'காலங்கள் சாவதில்லை' எழுதினார். 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. 2022இல் காலமானார். 1960களில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் வீரகேசரிப் பத்திரிகையும் நடத்திய சிறுகதைப் போட்டிகள்தாம் அவரைப் போன்ற ஒரு தலைமுறையைக் கூட்டின. பரிசுக் கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்று தொகுப்பாயின. பட்டறை என்ற பெயர் இல்லாத பட்டறை அது. தபாலில் கதை போகும், திருத்தம் வரும், பத்திரிகையில் வந்ததும் கணக்கப்பிள்ளை வீட்டில் யாராவது உரக்கப் படித்துக் காட்டுவார்கள்.

அந்த எழுத்து பக்கத்துக் கிராமத்துக்குப் போகவில்லை. மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். அதைத் தமிழில் படிக்க 1969இல் சக்தீ அ. பால ஐயாவின் மொழிபெயர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓடைக்கு அப்பால் உள்ள சிங்கள வாசகனுக்கு அது இன்னும் தூரம். இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. உபாலி லீலாரத்ன போன்ற சிங்கள எழுத்தாளர்கள் மலையகக் கதைகளை நேரே தமிழிலிருந்து சிங்களத்துக்குக் கொண்டுபோனார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் செய்கிற வேலையைப் பத்துப் பட்டறைகள் சேர்ந்தாலும் செய்ய முடியாது.

நெருப்பு நிஜமான காலம்

பரிமாற்றத்தைப் பற்றி இனிக்க இனிக்கப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். 1983 ஜூலைக் கலவரத்தில் பதுளை நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் திரண்டு புகுந்தவர்கள், அங்கே தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் இருபத்தைந்து பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றார்கள். 2005ஆம் ஆண்டுக்குள் குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் விடுதலையானார்கள். செத்தவர்களும் சின்னப் பையன்கள், கூட்டத்தில் நின்றவர்களிலும் சின்னப் பையன்கள் பலர். ஒருவரையொருவர் கதையாகக்கூட அறிந்திராத இரண்டு கூட்டம் சந்தித்துக்கொண்ட விதம் அது.

அதன் பிறகு எந்தத் தோட்டத்துத் தகப்பனிடம் போய் "பிள்ளையைச் சிங்களப் பிள்ளைகளோடு நாடகம் பழக அனுப்புங்கள்" என்றாலும், அவர் முதலில் கேட்பது "எத்தனை மணிக்குத் திரும்பி வருவான்?" என்பதுதான். அந்தக் கேள்விக்குள் இருக்கும் வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பரிமாற்றமும் தொடங்க முடியாது.

ஒரே நடிகன், இரண்டு மொழி

இருந்தும் தொடங்கினார்கள். உள்நாட்டுப் போரின் 2002 போர்நிறுத்தத்தை ஒட்டிய ஆண்டுகளில் பராக்கிரம நிரியெல்லவும் எச்.ஏ. பெரேராவும் 'ஜனகரலிய' என்ற நடமாடும் அரங்கைத் தொடங்கினார்கள். தமிழில் அதற்கு 'மக்கள் களரி' என்று பெயர். ஊர் ஊராகக் கூடாரம் போட்டு, வட்டக் களரியில் நாடகம் ஆடும் குழு. தமிழ், சிங்கள இளைஞர்கள் ஒரே இடத்தில் தங்கி, ஒரே பானையில் சமைத்துச் சாப்பிட்டு, ஒரே நாடகத்தை இரண்டு மொழியிலும் பழகினார்கள். பொய் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு மாட்டிக்கொள்ளும் திருடனின் கதை 'சரண்தாஸ்'. இந்திய நாடக இயக்குநர் ஹபீப் தன்வீர் சத்தீஸ்கர் நாட்டார் நடிகர்களோடு புகழ்பெறச் செய்த நாடகம் அது. அதை இவர்கள் சிங்களத்திலும் ஆடினார்கள், தமிழிலும் ஆடினார்கள்.

இதில் முக்கியமான விஷயம் நாடகத்தின் கருத்து இல்லை, நடிகனின் நாக்கு. சிங்களப் பையன் தமிழ் வசனத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். 'ழ' வரவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைதான் ஆசிரியர். பழகப் பழக ஒரு நாள் அவன் வசனத்தை விட்டு விலகிச் சொந்தமாக ஒரு பகிடி விடுவான். அந்தப் பகிடிக்கு மக்கள் சிரித்தால் வேலை முடிந்தது.

எழுத்துப் பக்கத்தில் 2012இல் எழுத்தாளர் ஷியாம் செல்வதுரை, தேசிய சமாதானப் பேரவையோடு சேர்ந்து தொடங்கிய படைப்பெழுத்துத் திட்டம் ஒன்று உண்டு. போரும் சமாதானமும் பற்றி எல்லாச் சமூகத்து இளைய எழுத்தாளர்களையும் சேர்த்து எழுதவைத்துத் தொகுப்புகள் போட்டார்கள். நல்ல முயற்சி. அது ஆங்கிலத்தில் நடந்தது. லுணுகலையிலோ மீரியபெத்தையிலோ தமிழில் படிக்கும் பிள்ளைக்கு அந்தக் கதவின் கைப்பிடி எட்டாது. பொதுமொழி என்று ஆங்கிலத்தை நடுவில் வைத்ததும் தோட்டத்துப் பிள்ளையும் வயல் கிராமத்துச் சிங்களப் பிள்ளையும் சேர்ந்தே வெளியில் நின்றுவிடுகிறார்கள்.

இன்றைய பொட்டல்

இன்று ஊவாத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிங்களம் அந்நியமில்லை. பாடசாலையில் இரண்டாம் மொழியாகப் படிக்கிறார்கள். சாதாரணதரம் முடித்துவிட்டுக் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகிறவர்கள் ஆறே மாதத்தில் சரளமாகப் பேசிவிடுவார்கள். கொழும்பின் புறக்கோட்டைதான் நம் பிள்ளைகளுக்கு மிகப் பெரிய மொழிப் பள்ளி. ஆனால் அந்தப் பாதை ஒருவழிப் பாதை. 2012 கணக்கெடுப்பின்படி பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மலையகத் தமிழர். பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பிள்ளையும் பாடத்திட்டத்தில் தமிழ் படிக்கிறது. தமிழில் ஒரு பேருந்துப் பயணம் முழுக்கப் பேசிவரும் சிங்கள இளைஞரை அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது. தமிழ் தெரியாமலே அவருக்குக் காலம் ஓடிவிடும். சிங்களம் தெரியாமல் நம் பிள்ளைக்கு ஓடாது.

மேடையும் மாறிவிட்டது. அன்று ரதி வேடம் கட்டியவன் ஆண். இன்று பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிகளில் பெண் பிள்ளைகளே பாத்திரங்களை எடுத்துக்கொள்கிறார்கள். 'நாடகமும் அரங்கியலும்' பரீட்சைக்குரிய பாடமாகிவிட்டது. கொழுந்து பறிக்கும் தாயின் மகள், தாய் பார்வையாளராக மட்டுமே இருந்த இடத்தில் ஏறி நிற்கிறாள். இந்த ஒரு மாற்றத்துக்காக இன்றைக்கு ஒரு படி கூடவே மதிப்புப் போடலாம்.

பழைய பொட்டலில் ஆள் குறைந்துவிட்டது. லாவணிக்குப் பதில் பாட்டுக் கட்டத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. இளந்தாரிகள் கொழும்பிலிருந்து திருவிழாவுக்கு லீவு போட்டு வந்து, தொலைபேசியில் படம் பிடித்துவிட்டுப் போகிறார்கள். எழுதுவதற்குப் பொருள் குறையவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. 2023இல் மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த இருநூறாண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். இவற்றையெல்லாம் பேஸ்புக்கில் இரண்டு வரிக் கவிதையாக எழுதுகிற பிள்ளைகள் ஏராளம். திருத்திக் கொடுக்க ஆள் இல்லை, அதைப் படிக்கும் சிங்களப் பிள்ளையும் இல்லை.

மூன்று நாளும் வளர்பிறை இரவுகளும்

அன்றையதையும் இன்றையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அன்று பொட்டலுக்கு ஒழுங்கு இருந்தது, மறுபக்கத்தார் இல்லை. இன்று மறுபக்கத்தாரைக் கூட்டி வருகிறார்கள், ஒழுங்கு இல்லை. ஒரு நிறுவனம் பணம் கொண்டு வருகிறது. மூன்று நாள் பட்டறை. பெயர் அட்டை, வட்டமாக உட்காருதல், கடைசி நாள் மாலை ஒரு சிறு நாடகம், குழுப்படம், சான்றிதழ். நாலாம் நாள் வேன் போய்விடும். அடுத்த வருடம் வேறு மாவட்டம், வேறு பிள்ளைகள். மூன்று நாளில் பெயரைத்தான் பழகலாம், 'ழ'வைப் பழக முடியாது.

காமன் கூத்தைக் காப்பாற்றியது அதன் கலைநயத்தை விட அதன் பிடிவாதம்தான். வருடா வருடம் அதே மாசி, அதே இடம், பௌர்ணமி வரை எல்லா இரவும். பிழைவிட்டவனுக்கு அடுத்த வருடம் திருத்திக்கொள்ள வாய்ப்பு இருந்தது. வேடிக்கை பார்த்த பையன் நாலு வருடத்தில் வேடம் கட்டினான்.

ஆகவே பட்டறை நடத்த வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஒரு தோட்டப் பாடசாலையையும் பக்கத்துச் சிங்களப் பாடசாலையையும் பிடியுங்கள். இரண்டே பள்ளி போதும். சொக்கரியைத் தமிழ்ப் பிள்ளைகள் சிங்களத்தில் ஆடட்டும், காமனைச் சிங்களப் பிள்ளைகள் தமிழில் ஆடட்டும். பிறகு லாவணிப் பாயை விரித்து எதிரெதிரே உட்காரவையுங்கள். எரிந்தது என்று ஒரு கட்சி எழுதட்டும், எரியவில்லை என்று மற்றது எழுதட்டும். 1983ஐப் பற்றியும் அப்படி எழுத ஒரு நாள் துணிவு வரும். அது முதல் வருடத்தில் வராது. ஆகையால் அடுத்த மாசிக்கும் வாருங்கள், அதற்கடுத்த மாசிக்கும் வாருங்கள். ஒரே ஒரு முறை வருவதானால் தயவுசெய்து வராதீர்கள்.